காற்புள்ளியும் அரைப்புள்ளியும்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். கல்வி சிறப்பானதுதான். அது தெரியாதவர்கள் ஓய்வு நாளில் இந்தத் தகரக் கூரையின் கீழ் வந்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ஆகவே அந்தப் பெரிய தலைப்பை விட்டுவிட்டு மிகச் சிறிய பொருள் ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி வாங்கியிருக்கிறேன். பேனா முனையால் ஒரு தட்டு தட்டினால் விழுகிற புள்ளிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே எப்போது காற்புள்ளி போடுவது, எப்போது அரைப்புள்ளி போடுவது?

சில பேர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. லாபிஸ், குளுவாங், சிகாமட், கூலாய் என்று ஜொகூரில் எந்த ஊருக்குப் போனாலும் பெற்றோர்கள் என்னைக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், தமிழ்ப்பள்ளியில போட்டா பிள்ளைக்கு இங்கிலீஷ் எழுத வராதாமே, நெசந்தானா?" இன்று நான் பேசுவதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில்.

இடைநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலக் கட்டுரை திருத்தியவன் நான். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் கட்டுரையில் எழுத்துப் பிழை இருக்கும், அதை அகராதி பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். என் சிவப்பு மையை அதிகம் குடித்தது அதுவல்ல. இதோ, இப்படிப்பட்ட வாக்கியம்தான்:

"மை மதர் வேக்ஸ் அப் எர்லி, ஷி குக்ஸ் ரைஸ், ஷி கோம்ப்ஸ் மை ஹேர், ஷி கோஸ் டு வொர்க்."

சொற்கள் எல்லாம் சரி. வினைச்சொல்லின் கடைசியில் 'எஸ்' கூட மறக்காமல் போட்டிருக்கிறாள். ஆனாலும் ஆங்கில இலக்கணப்படி இது பிழை. இதற்குக் 'கோமா ஸ்ப்ளைஸ்' என்று ஒரு பெயரே உண்டு. ஸ்ப்ளைஸ் என்றால் இரண்டு கயிற்று நுனிகளைப் பிரித்துப் பின்னி ஒட்டுப்போடுவது. கோமாவை வைத்து அப்படி ஒட்டுப்போட முடியாது என்பதுதான் குற்றச்சாட்டு.

இந்தப் பெண் சோம்பேறி அல்ல, அசட்டையாக எழுதியவளும் அல்ல. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். அதே செய்தியைத் தமிழில் அவள் எப்படி எழுதுவாள் என்று பாருங்கள்.

"அம்மா விடியற்காலையில் எழுந்து, தண்ணீர் தூக்கி, சோறாக்கி, எனக்குத் தலை சீவி, பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, எடை போட்டு, மத்தியானம் வீடு வந்து சேர்ந்தாள்."

என்ன அழகான வாக்கியம்! ஒரு பெண்ணின் அரை நாள் முழுவதும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. இப்போது நம் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனை ஆகிவிட்டது, பால் மரம் வெட்டிய கைகள் குறைந்துவிட்டன என்றாலும், இந்த வாக்கியம் இங்கே உட்கார்ந்திருக்கும் பல பேருடைய வாழ்க்கை. இதில் எழுந்து, தூக்கி, ஆக்கி, சீவி, போய், வெட்டி, எடுத்து, போட்டு என்று எட்டு வினைகள் முடியாமல் நிற்கின்றன. வினையெச்சம் என்று நம் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். எச்சம் என்றால் மிச்சம். வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று பொருள். "வந்து சேர்ந்தாள்" என்ற ஒரே இடத்தில்தான் வாக்கியம் முடிகிறது. அது வினைமுற்று. எட்டு எச்சங்களையும் கடைசியில் நிற்கும் அந்த ஒரு முற்று இழுத்துக்கொண்டு போகிறது, ரயில் எஞ்சின் பெட்டிகளை இழுக்கிற மாதிரி. நடுவில் இருக்கும் காற்புள்ளிகளுக்கு இங்கே பெரிய வேலை கிடையாது. அவற்றை எடுத்துவிட்டாலும் வாக்கியம் அறுந்துபோகாது, ஏனென்றால் இணைக்கும் வேலையை 'எழுந்து', 'தூக்கி' என்ற சொல்லின் வாலே செய்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் அந்த வால் நம் தமிழில் உள்ள மாதிரி கிடையாது. அந்தப் பெண் 'வேக்ஸ்' என்று எழுதியவுடனே அது முற்று. 'குக்ஸ்' முற்று, 'கோம்ப்ஸ்' முற்று, 'கோஸ்' முற்று. நாலு முற்றுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுவாய். அப்படியென்றால் அங்கே நிற்பது நாலு முழு வாக்கியங்கள். தமிழில் எச்சத்துக்குப் பின்னால் போட்டுப் பழகிய காற்புள்ளியை, கை தானாகவே ஆங்கில முற்றுக்குப் பின்னாலும் போட்டுவிட்டது. நடந்தது இவ்வளவுதான்!

பழைய தொழிலாளர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியை மாட்டித் தோளில் தூக்கிப் போவீர்களே, இரண்டு வாளியும் நிறைய இருந்தால் நடுவில் என்ன வேண்டும்? உறுதியான கம்பு வேண்டும். சணல் கயிற்றில் கட்டித் தூக்கினால் பால் மண்ணுக்குத்தான் போகும். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்கள் இரண்டு நிறைந்த வாளிகள். வெறும் காற்புள்ளி சணல். அரைப்புள்ளி கம்பு.

சரி, மழைக்காலத்து வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைய சம்பளமும் போச்சு. "இட் ரெய்ன்ட் ஆல் நைட், வீ ஸ்டேய்ட் அட் ஹோம்" என்று எழுதுகிறான் பையன். இரண்டு முற்றுகள், நடுவில் சணல். இதை எப்படித் திருத்துவது?

முதல் வழி யாருக்கும் தெரியும். நடுவில் முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி இரண்டாகப் பிரித்துவிடலாம். பயமாக இருக்கும் பிள்ளைகள் இதையே செய்யலாம், ஒருவரும் மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். ஆனால் கட்டுரை முழுதும் இப்படியே போனால் படிப்பவருக்கு லோரி மேட்டுச் சாலையில் போகிற மாதிரி இருக்கும்.

இன்னொரு வழி, காற்புள்ளிக்குத் துணையாக ஒரு கொக்கியைப் போடுவது. "இட் ரெய்ன்ட் ஆல் நைட், ஸோ வீ ஸ்டேய்ட் அட் ஹோம்." ஆண்ட், பட், ஆர், ஸோ, யெட், நார், ஃபார் என்ற ஏழு சின்னச் சொற்கள்தான் கொக்கிகள். காற்புள்ளி தனியாகத் தூக்க முடியாததைக் கொக்கியோடு சேர்ந்து தூக்கிவிடும்.

இல்லையென்றால் ஒரு வாக்கியத்தை இன்னொன்றின்மேல் சாய்த்துவிடலாம். "பிகாஸ் இட் ரெய்ன்ட் ஆல் நைட், வீ ஸ்டேய்ட் அட் ஹோம்." 'பிகாஸ்' என்று தொடங்கிய உடனே முதல் பகுதி தனியாக நிற்கும் சக்தியை இழந்துவிடுகிறது. நம் தமிழில் "மழை பெய்ததால்" என்று சொல்லி நிறுத்தினால் "ஆதலால் என்ன?" என்று கேட்போமே, அதே மாதிரி. வென், இஃப், ஆல்தோ என்ற சொற்களும் இப்படித்தான். சாய்கிற பகுதி முன்னால் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி வேண்டும். அது பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம்: "வீ ஸ்டேய்ட் அட் ஹோம் பிகாஸ் இட் ரெய்ன்ட் ஆல் நைட்."

இனி நம் அரைப்புள்ளி. "இட் ரெய்ன்ட் ஆல் நைட்; வீ ஸ்டேய்ட் அட் ஹோம்." கொக்கி இல்லை, சாய்வு இல்லை. இரண்டு வாக்கியங்களும் சம எடை. மழையால்தான் வீட்டில் இருந்தோம் என்று எழுதியவன் சொல்லவில்லை, ஆனால் படிப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. இதுதான் அரைப்புள்ளியின் அழகு. ஆனால் ஒன்று, அழகாக இருக்கிறதே என்று வரிக்கு வரி போடாதீர்கள். ஒரு பக்கக் கட்டுரைக்கு ஒன்றோ இரண்டோ போதும் என்பது என் கருத்து. திருமணத்துக்குப் போட்டுக்கொள்ளும் நகையைத் தினமும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவார்களா?

நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' போன்ற பெரிய சொற்கள். 'பட்' என்றாலும் ஆனால், 'ஹவெவர்' என்றாலும் ஆனால், ஆகவே இரண்டும் கொக்கிதானே என்று நினைத்துக்கொண்டு முன்னால் காற்புள்ளி மட்டும் போட்டுவிடுகிறார்கள். ஹவெவர் கொக்கி இல்லை. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. "ஹி வாஸ் டயர்ட்; ஹவெவர், ஹி ஃபினிஷ்ட் த வொர்க்." இதில் ஹவெவரை நகர்த்தி, "ஹி வாஸ் டயர்ட்; ஹி, ஹவெவர், ஃபினிஷ்ட் த வொர்க்" என்றும் எழுதலாம். 'பட்' என்ற சொல்லை அப்படி நடுவில் தள்ளிப் பாருங்கள், போகாது. நகராமல் நிற்பதுதான் கொக்கி. நகரக்கூடிய சொல் கொக்கி அல்ல, அதற்கு முன்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். மலாய் வகுப்பில் 'வாலாவ் பகைமானபுன்' என்பதைப் புது வாக்கியமாகத் தொடங்கிப் பின்னால் கோமா போடச் சொல்கிறார்கள் அல்லவா, அதே கதைதான் இது. மலாயில் அரைப்புள்ளிக்குக் 'கோமா பெர்நொக்தா' என்று பெயர். மூன்று மொழி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒற்றுமைகளை எடுத்துச் சொன்னால் சுமை பாதி குறையும்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் எழுந்து, ஜூலியஸ் சீசரின் பெயரால் வழங்கும் மூன்று துண்டு வாக்கியத்தில் வெறும் கோமாதானே இருக்கிறது என்று கேட்பான். கேட்கட்டும். மிகச் சிறிய, ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள் அடுக்கடுக்காக வந்தால் ஆங்கிலேயர்களே விட்டுவிடுகிறார்கள். சீசர் ஆகும்வரை நாம் ஒழுங்காகவே எழுதுவோம்.

இப்போது பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இது பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமல்ல. ஆபிஸ் பலகையில் ஆங்கிலத்தில் இப்படி ஓர் அறிக்கை ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "த வொர்க்கர்ஸ் ஹூ வெர் ஆப்சென்ட் வில் லூஸ் தேர் போனஸ்." வேலைக்கு வராத தொழிலாளர்களுக்கு மட்டும் போனஸ் இல்லை என்று பொருள். இதிலேயே இரண்டு காற்புள்ளி போடுங்கள்: "த வொர்க்கர்ஸ், ஹூ வெர் ஆப்சென்ட், வில் லூஸ் தேர் போனஸ்." இப்போது தொழிலாளர்கள் எல்லாருமே வரவில்லை, எல்லாருக்குமே போனஸ் இல்லை என்று ஆகிவிட்டது! தமிழில் "வராத தொழிலாளர்கள்" என்று சொல்லிவிடுவோம், சிலரா எல்லாருமா என்பதைப் பேசுகிற இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் அதைச் சொல்வது அந்த இரண்டு கொசுக்கால்கள்தான். பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் கொசுக்கால்களையும் பார்க்க வேண்டும்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்று ஒரு பால் கம்பெனி. நம் மரத்துப் பால் இல்லை, மாட்டுப் பால். அங்கே லோரி ஓட்டியவர்கள் ஓவர்டைம் பணம் கேட்டு வழக்குப் போட்டார்கள். உணவுப் பொருளைப் பதப்படுத்துதல், உறைய வைத்தல், சேமித்தல் என்று சில வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்பது அந்த மாநிலச் சட்டம். பட்டியலின் கடைசியில், அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொட்டலம் கட்டுதல் என்று ஒரே வேலையாகவும் படிக்கலாம். பொட்டலம் கட்டுதல், விநியோகம் என்று இரண்டு வேலைகளாகவும் படிக்கலாம். நடுவில் ஒரு காற்புள்ளி இருந்திருந்தால் சந்தேகமே இல்லை. அது இல்லை. "நாங்கள் பொட்டலம் கட்டுவதில்லை, விநியோகம் மட்டும்தான் செய்கிறோம், ஆகவே எங்களுக்குப் பணம் உண்டு" என்பது ஓட்டுநர்கள் கட்சி. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் தெளிவாக இல்லை, தெளிவில்லாத இடத்தில் தொழிலாளியின் பக்கமே பொருள் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு கம்பெனி 50 இலட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இது பட்டியலில் விட்டுப்போன காற்புள்ளி, வாக்கியங்களுக்கு நடுவே உள்ளதல்ல என்பது உண்மை. ஆனால் மாநிலத்தார் பிறகு சட்டத்தைத் திருத்தினார்களே, எப்படித் திருத்தினார்கள் தெரியுமா? அந்தப் பட்டியலில் காற்புள்ளிகளை எடுத்துவிட்டு அரைப்புள்ளிகளாகப் போட்டார்கள்!

ரப்பரோடு சம்பந்தப்பட்ட ஒருவரின் உயிர் ஒரு கோமாவில் தொங்கிய கதையும் உண்டு. ரோஜர் கேஸ்மென்ட் என்ற அயர்லாந்துக்காரர் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்தவர். ஆப்பிரிக்காவின் காங்கோவில் காட்டு ரப்பர் எடுக்க மக்களை வதைத்ததை 1904இல் அறிக்கையாக வெளியிட்டார். பிறகு தென்னமெரிக்காவின் புத்துமாயோ பகுதியில் பழங்குடி மக்கள் ரப்பருக்காகப் பட்ட கொடுமைகளை நேரில் கண்டு எழுதினார். அது 1912இல் வெளிவந்தது. அப்படிப்பட்ட மனிதர் முதல் உலகப் போரின்போது அயர்லாந்தின் விடுதலைக்காக ஜெர்மனியின் உதவியை நாடினார். 1916இல் அவர்மீது ராஜத்துரோக வழக்கு. சட்டமோ 1351ஆம் ஆண்டில் பழைய பிரெஞ்சு மொழியில் எழுதியது. அரசரின் ஆட்சி எல்லைக்குள் பகைவரைச் சார்ந்து நிற்பது குற்றம் என்கிறது. 'வேறெங்காவது' என்ற சொல்லும் அதில் வருகிறது. அந்தச் சொல் எதோடு சேரும்? கேஸ்மென்ட் செய்ததெல்லாம் ஜெர்மனியில். எல்லைக்கு வெளியே செய்தது இந்தச் சட்டத்தில் அடங்காது என்று அவருடைய வழக்கறிஞர் வாதாடினார். வாக்கியத்தின் நிறுத்தக்குறி எங்கே விழுகிறது என்று பார்க்க நீதிபதிகள் மூலச் சுவடியையே போய்ப் பார்த்தார்கள். வாதம் எடுபடவில்லை. 1916 ஆகஸ்டு 3ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். கோமாவால் தூக்கிலிடப்பட்டவர் என்று இன்றும் அவரைச் சொல்வது உண்டு.

இந்தப் புள்ளிகளெல்லாம் வெள்ளைக்காரன் பிறக்கும்போதே கொண்டு வந்ததா என்றால், அதுவும் இல்லை. இன்று நாம் காணும் அரைப்புள்ளி 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்பவரின் அச்சகத்தில் பிறந்தது. நம் முன்னோர் ஓலையில் இடைவெளியே விடாமல் எழுதினார்கள். எங்கே நிறுத்துவது என்பது படிப்பவரின் புலமையைப் பொறுத்தது. தமிழ் உரைநடையில் இந்தக் குறிகளை நிலைநிறுத்தியவர் என்று அறிஞர்கள் குறிப்பிடுவது யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலரை. 1822இல் பிறந்து 1879இல் மறைந்தவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு இளம் வயதில் உதவியவர். ஆங்கில உரைநடையின் ஒழுங்கைக் கிட்டத்திலிருந்து பார்த்தவர், அதைத் தமிழுக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டு, சிறுவர்களுக்குப் பாலபாடங்கள் எழுதித் தம் அச்சகத்திலேயே அச்சிட்டார். ஆங்கிலம் தெரிந்ததால் அவருடைய தமிழ் கெட்டுப்போகவில்லை, தமிழ் தெரிந்ததால் ஆங்கிலமும் தடுமாறவில்லை.

தமிழுக்கு அந்தக் குறி தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு வாக்கியம் சொல்கிறேன். "அம்மா அழுதுகொண்டே ஓடிய மகனைக் கூப்பிட்டாள்." அழுதது யார்? "அம்மா அழுதுகொண்டே, ஓடிய மகனைக் கூப்பிட்டாள்" என்றால் அம்மா அழுகிறாள். "அம்மா, அழுதுகொண்டே ஓடிய மகனைக் கூப்பிட்டாள்" என்றால் மகன் அழுகிறான். காற்புள்ளி ஒரு சொல் தள்ளி உட்கார்ந்ததும் கண்ணீர் வேறு ஆள் முகத்துக்குப் போய்விட்டது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. கால், அரை, முக்கால், முற்று என்று நம் குறிகளுக்கு அளவுப் பெயர் இருப்பதால், காற்புள்ளிக்குக் கொஞ்ச நேரம், அரைப்புள்ளிக்கு இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்து என்று சொல்லிக்கொடுக்கிறோம். வாய்விட்டுப் படிப்பதற்கு அது நல்ல பயிற்சி. ஆனால் ஆங்கிலம் எழுதும்போது மூச்சைக் கணக்கெடுத்தால் பிள்ளை ஏமாறும். மேலே சொன்ன மழை வாக்கியத்தில் மூச்சு கொஞ்சம்தான் நிற்கிறது. ஆனால் அங்கே காற்புள்ளி செல்லாது. மூச்சை எண்ணாமல் முற்றை எண்ணச் சொல்லுங்கள். எச்சம் எது, முற்று எது என்று தமிழ் வகுப்பில் சரியாகப் படித்த பிள்ளைக்கு இந்தக் கணக்குப் பாதி தெரிந்தே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளியால் ஆங்கிலம் வராமல் போகாது. இடைநிலைப் பள்ளியில் அதே பாடத்தை ஆங்கிலப் பெயரில் புதிதாகக் கற்கும் மற்றப் பிள்ளையைவிட அது ஓர் அடி முன்னால் நிற்கிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் எடுபட்டுவிட்டதால் இலக்கணம் இனி அவ்வளவு தேவையில்லை என்று நினைக்கிறவர்கள், எஸ்.பி.எம். ஆங்கிலத் தாள் வந்து நிற்கும்போது அதைத் தேடுவார்கள்.

"எனக்கு இங்கிலீஷே தெரியாது, நான் எப்படி சார் பார்க்கிறது?" என்று பின்வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது எனக்கும் கேட்டது. அம்மா, உங்களால் முடியும். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரை நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "இதுல முடிஞ்ச வினை எது, ஆங்கிலத்துல அதுக்குக் கோடு போடு" என்று கேளுங்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்த முற்றுப்புள்ளிக்கும் நடுவே இரண்டு கோடு விழுந்திருந்தால், "இது ரெண்டையும் எது சேர்க்குது, காட்டு" என்று கேளுங்கள். கொக்கியைக் காட்டினால் சரி, சாய்க்கிற சொல்லைக் காட்டினால் சரி, அரைப்புள்ளியைக் காட்டினால் இரண்டு மடங்கு சரி. வெறும் கோமாவைக் காட்டினால், திட்டாமல், ரப்பரையும் பென்சிலையும் கையில் கொடுங்கள்.

பரிசுக் கோப்பைகள் மேசையில் காத்திருக்கின்றன, முன்வரிசைப் பொறுமையும் முடிந்துவிட்டது.